கண்டாலா ஏற்றத்தில் ஒரு கனவான்

கார்காரர்களிலும் மரியாதை தெரிந்தவர்கள் உண்டு என்று என் கணவர் கடைசிவரை நம்பினார். அவர் ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்து ஓட்டியவர். நான் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, உரசிக்கொண்டு போன மட்கார்டுகளையெல்லாம் பார்த்தவள். எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை.

அறுபதுகளில் செம்பூரில் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். வெளிநாடு போன சிநேகிதர் ஒருவரிடமிருந்து இவர் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாதுங்காவுக்குக் காய்கறி வாங்க அதில்தான் போவோம். வழிவிட்டவர்களுக்கெல்லாம் இவர் கையைத் தூக்கி நன்றி சொல்வார். லாரிக்காரனுக்கு, டாக்ஸிக்காரனுக்கு, ஒருமுறை ஒரு எருமைக்கு.

"எருமைக்கு எதுக்குன்னா?"

"இன்னிக்கு ஒழுங்கா ஒதுங்கினது அது ஒண்ணுதான்."

எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டில் ஒரு கம்பெனி அதிகாரி இருந்தார். கறுப்புக் கார். வார நாட்களில் டிரைவர் ஓட்டுவான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவரே. பயிற்சி என்று சொல்லி சில மாதம் லண்டனில் இருந்துவிட்டு வந்தவர். 'அங்கே' என்று அவர் வாயைத் திறந்தால் மாடிப்படியில் நிற்பவனுக்குக் கால் வலித்துவிடும்.

"அங்கே கிராமத்து ரோடெல்லாம் ஒரே வளைவு. ஆனா மோட்டார் சைக்கிள்காரன் வந்தா கார்காரன் ஒதுங்கி, கையைக் காட்டி, போன்னுடுவான். இவனும் தலையை ஆட்டிட்டுப் போவான். நம்ம ஜனங்களுக்கு அந்தப் பண்பு எந்த ஜன்மத்திலே வரப்போறது?"

இவர் காய்கறிப் பையோடு நின்று பக்தியாகக் கேட்பார். மேலே வந்ததும், "விஷயம் தெரிஞ்சவர்" என்பார். விஷயம் தெரிந்தவரின் கார் எங்கள் வண்டியை வாசலில் எடுக்க முடியாதபடி மறித்து நிற்கும்.

ஒரு தை மாதம் பூனாவில் ஒரு கல்யாணம். இரண்டு வீட்டுக்கும் தெரிந்தவர்கள். அதிகாரியும் அவர் மனைவியும் காரில் கிளம்பினார்கள். பின்சீட்டில் ஒரு பழக்கூடையும் அவருடைய கோட்டும் ஆளுக்கொரு இடமாக சௌகரியமாக உட்கார்ந்திருந்தன. "நீங்களும் வாங்களேன்" என்று சொல்ல அந்த மாமி வாயெடுத்தாள். அவர் அதற்குள் ஸ்டார்ட் செய்துவிட்டார். "பார்த்து மெதுவா வாங்கோ. மலையிலே மோட்டார் சைக்கிள் ஆபத்து" என்று மட்டும் எங்களுக்கு உபதேசம் கிடைத்தது.

முலுண்ட், தாணா, பன்வேல் என்று நாங்கள் மெதுவாகத்தான் போனோம். அவர்கள் கோபோலியில் காபிக்கு இறங்கியிருந்ததால் கண்டாலா மலை ஏறத் தொடங்கும்போது நாங்கள் முன்னால், அவர்கள் பின்னால். அவ்வளவுதான், ஹார்ன் ஆரம்பித்தது. எங்களுக்கு முன்னால் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று முனகிக்கொண்டு ஏறியது. அதைத் தாண்ட எங்களுக்கே வழியில்லை. வழியில்லாத இடத்தில் வழி கேட்டு ஹார்ன் அடிப்பதைக் கனவான்களிடம்தான் பார்க்கலாம்.

இருந்தும் இவர் ஒரு வளைவில் மலையோரமாக ஒதுங்கி அவரைப் போகச் சொன்னார். கார் போகவில்லை, பயம். ஒதுங்கினவர் மறுபடி சாலைக்கு வந்ததும் மறுபடி ஹார்ன். அடுத்த வளைவில் லாரியின் வலப்பக்கமாக எட்டிப் பார்த்த இவர், மேலேயிருந்து ஒரு பஸ் இறங்கி வருவதைக் கண்டார். உடனே வலக்கையைப் பின்னால் நீட்டி, உள்ளங்கையைக் கீழே அமுக்கி அமுக்கிக் காட்டினார். பொறு, வராதே என்று அர்த்தம். எந்தச் சாலையிலும், எந்த பாஷைக்காரனுக்கும் புரிகிற சைகை.

லண்டன் போய் வந்தவருக்குப் புரியவில்லை. கார் சீறிக்கொண்டு எங்களைத் தாண்டியது. மட்கார்டு இவர் முழங்கையைத் தட்டியது. வண்டி இடப்பக்கம் சாய்ந்து, என் இரண்டு காலும் மலையோர வாய்க்காலுக்குள் இறங்கின. கல்யாணத்துக்கென்று கட்டியிருந்த பட்டுப்புடவை முழங்கால்வரை சேறு. நிமிர்ந்து பார்த்தேன். லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் கார் குறுக்காகச் செருகிக்கொண்டு நின்றது. மூன்று வண்டியும் அசைய முடியாது.

பஸ் கண்டக்டர் இறங்கி வந்து, "ஸாப், தோடா பீச்சே லோ" என்று நயமாகவே கேட்டார். கொஞ்சம் பின்னால் எடுத்தால் போதும். அதிகாரி கண்ணாடியைப் பாதி இறக்கி, மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும், அதுதான் சட்டம் என்று இங்கிலீஷில் அறிவித்தார். லாரிக்காரர் சிரித்தார். கீழே வண்டிகள் சேர்ந்துகொண்டே போயின. முழங்கையைத் தேய்த்தபடி இவர் போய், "நான் வேணா பின்னாடி எடுத்துத் தரட்டுமா?" என்று கேட்டார். "எனக்கு ஓட்டத் தெரியும்" என்று பதில் வந்தது.

மாமி கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். என் பக்கத்தில் வந்து நின்று, யாருக்கும் ஒளிக்காமல் சொன்னாள்:

"அவருக்கு ரிவர்ஸ் வராதுடீ. ஆத்து வாசல்லேயே டிரைவர்தான் திருப்பி வைப்பான்."

பஸ்ஸிலிருந்து பத்துப் பதினைந்து பேர் இறங்கினார்கள். பாதிப் பேர் காருக்குப் பின்னால் முதுகைக் கொடுத்துத் தாங்க, பாதிப் பேர் முன்னால் தள்ள, லாரி கிளீனர் சக்கரத்துக்கு அடியில் கல்லை வைத்து வைத்து எடுக்க, தேருக்கு முட்டுக்கட்டை போடுவதுபோலக் காரை அங்குலம் அங்குலமாகக் கீழே இறக்கினார்கள். அதிகாரி உள்ளே உற்சவமூர்த்தி மாதிரி நேரே பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தார். ஒருவருக்கும் ஒரு வார்த்தை நன்றி இல்லை. பஸ் எங்களைத் தாண்டும்போது டிரைவர் இவருக்குக் கையைத் தூக்கினார். இவர் வலிக்கிற கையைத் தூக்கிப் பதில் சொன்னார்.

கல்யாண வீட்டில் நாங்கள் பந்தியில் உட்கார்ந்தபோது அதிகாரி நாலு இலை தள்ளி இருந்தார். கதை ஏற்கனவே பாதி நடந்துகொண்டிருந்தது.

"முன்னாடி ஒரு மோட்டார் சைக்கிள்காரன். கையை ஆட்டி வா வான்னான். நம்பிப் போனேன். எதிரே பஸ்! இவாளுக்கெல்லாம் யார் லைசென்ஸ் குடுக்கறா?"

இவர் குனிந்து ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தேன்.

"மாமா" என்றேன், பந்தி முழுக்கக் கேட்கும்படி. "திரும்பிப் போறச்சே தேர் இழுக்க எத்தனை பேர் வேணும்னு இப்பவே சொல்லிடுங்கோ. இங்கேயே ஆள் சேர்த்துடலாம். அந்த மோட்டார் சைக்கிள்காரர் இதோ உட்கார்ந்திருக்கார், அவரும் வருவார்."

பரிமாறுகிறவன் வாளியோடு நின்றுவிட்டான். யாரோ என்ன தேர் என்று கேட்க, எதிர்ப் பந்தியிலிருந்து மாமியே நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். நான் சொல்லியிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. அதிகாரி பாயசத்துக்கு நிற்காமல் கை கழுவப் போனார்.

மறுநாள் மாமி ரயிலில்தான் திரும்பினாள். காரில் தலை சுற்றுகிறதாம். கூடையும் கோட்டும் மட்டும் அவருக்குத் துணையாகப் போயின.

நாங்கள் மலை இறங்கினோம். கையில் கட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டிய இவர் பன்வேலில் வண்டியை ஓரமாக நிறுத்தினார். பிறகு, "இருந்தாலும் ஒரு பெரியவரைப் பந்தியிலே வச்சு அப்படிச் சொல்லியிருக்கப்படாது" என்றார்.

"ஏன்னா, உங்க கை எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"வலிக்கறது."

"அப்போ சொன்னது சரிதான்" என்றேன்.