டீச்சர் வரும்போது நிறுத்திவைத்த ஸ்கிரிப்ட்

பழைய பென்டிரைவ் ஒன்றை நேற்று கம்ப்யூட்டரில் செருகினேன். ‘மிஸ்ட்’ என்று நான் பெயர் வைத்த சின்ன ஃபைல் ஒன்று அதில் கிடந்தது. பெரிதாக எதுவும் தோன்றவில்லை. இப்போதெல்லாம் எதற்கும் எனக்கு அப்படித்தான். மூக்குக்கு மட்டும் ஈர ஸ்வெட்டரும் யூகலிப்டஸ் தைலமும் கலந்த வாடை வந்தது. கொடைக்கானலில் நான் வேலை பார்த்த பிரவுசிங் சென்டரின் வாடை.

அங்கே பனிமூட்டம் இறங்கினால் நெட் போய்விடும். ஒவ்வொரு முறையும் நான் கனெக்‌ஷனைத் துண்டித்து மறுபடி இணைக்க வேண்டும். அதற்குள் வந்தவர்கள் எல்லாம் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போய்விடுவார்கள். நானோ உட்கார்ந்த இடத்தைவிட்டு எழ மனமில்லாத ஆள். அதனால் ‘மிஸ்ட்’ என்று ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டர் தானாக ஓட்டும் சின்ன புரோகிராம், எழுதினேன். நிமிடத்துக்கு ஒருமுறை லைன் இருக்கிறதா என்று அதுவே பார்க்கும். இல்லையென்றால் அதுவே துண்டித்து அதுவே இணைக்கும். ஓனர் தோளில் தட்டினார். டீக்கடைக்காரர்தான் ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிறு சர்ச் முடிந்ததும் ரிட்டயரான ஃப்ளோரா டீச்சர் வருவார், ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகனோடு வீடியோவில் பேச. பேசத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மகன், “அம்மா, அங்க நெட் கட்டாகுது” என்பான். திரையிலிருந்து அவன் முகம் போய்விடும். டீச்சர் என் பக்கம் திரும்புவார்.

“மிஸ்ட் எறங்கிருச்சு போல தம்பி, வெரசா சரி பண்ணுங்க.”

ஸ்கிரிப்ட் வந்த பிறகும் ஒரு ஞாயிறு மகன் அதையே சொன்னான், திரையிலிருந்து போய்விட்டான். வெளியே நல்ல வெயில். பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஒருவர் தடங்கலில்லாமல் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் அவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“நெட்டு போகலையா தம்பி?”

“போயிருச்சுங்க டீச்சர். உங்க சிஸ்டத்துல மட்டும்.”

அடுத்த வாரத்திலிருந்து அவர் வரும் நேரத்துக்கு ஸ்கிரிப்டை நிறுத்திவைத்தேன். பனி இறங்கியதும் நெட் பழையபடி நிஜமாகவே போனது. எல்லோரோடும் சேர்ந்து அவரும் டீ குடிக்கப் போனார். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருக்கும்.

சென்டர் இருந்த இடத்தில் இப்போது ஹோம்மேட் சாக்லேட் கடை. போன மாதம் ஏரிப் பக்கம் டீச்சரைப் பார்த்தேன். எதிர்க்கரை தெரியாமல் பனி மூடியிருந்தது. அவர் கையில் மகன் அனுப்பிய போன் இருந்தது. சிக்னல் கோடுகள் முழுதாக இருந்தன.

“மகன் பேசுறாருங்களா டீச்சர்?”

போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்பல்லாம் எந்த மிஸ்ட்டுக்கும் நெட்டு போறதே இல்ல தம்பி.”