சுண்ணாம்புப் பூச்சு என்று ஒதுக்கப்பட்ட உள்படலம்

சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். எங்கள் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அந்தோணி அருகில் வந்து, “பிலோமினா மேடம் நேத்து தவறிட்டாங்க. புற்றுநோயாம். யார்கிட்டயும் சொல்லவே இல்ல” என்றார். கல்லூரி விலங்கியல் துறையில் அவருக்கு அடுத்த மேஜையில் வேலை பார்த்த எனக்கும் தெரியாது.

எழுபதுகளின் கடைசியில், கறிக்கடையிலிருந்து புதிதாக வாங்கிய ஆட்டு ரத்தக் குழாய்களை வைத்து பிலோமினா சோதனை செய்துகொண்டிருந்தார். குழாயை விரிக்க வேண்டிய மருந்து சில துண்டுகளை விரித்தது, சிலவற்றைச் சுருக்கியது. பல வாரம் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். “வெட்டும்போது உள்பக்கம் உரசிட்டா விரியறதில்லைங்க. அந்த மெல்லிசு படலம்தான் குழாயை விரியச் சொல்லுது.”

இதைக் கேட்டுத் துறைத்தலைவர் சிரித்தார். “அது சுவத்துல அடிக்கிற சுண்ணாம்பும்மா. உங்க கை சரியில்ல.” பிலோமினா எழுதிய கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்ப அனுமதி தரவில்லை. அடுத்த வாரம் சோதனை மேஜையும் பறிபோனது.

சில ஆண்டுகள் கழித்து வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று அதையே சொன்னது. துறைக் கூட்டத்தில் தலைவரே அதை வியந்து வாசித்தார். பிலோமினா, “சுத்தமா செஞ்சிருக்காங்க” என்றார். அன்று அவர் மதியச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை.

பிறகு தலைவருக்கு நெஞ்சுவலி வந்து தில்லை நகர் மருத்துவமனையில் கிடந்தார். நாங்கள் இருவரும் பார்க்கப் போனோம். தலையணைக்கு அடியில் சிகரெட் பெட்டி. பிலோமினா பொறுமையாகச் சொன்னார்: “இந்தப் புகை முதல்ல கெடுக்கறது அந்த உள்படலத்தைத்தான் சார். ரத்தம் உறையாம, குழாய் இறுகாம அதுதான் பார்த்துக்குது. அது போச்சுன்னா இதயத்துக்குக் காவல் இல்ல. விட்டுடுங்க.” தலைவர் விட்டார். பிழைத்தார்.

இப்போது பிலோமினாவின் இரங்கல் கூட்டத்தில் அந்தத் தலைவர்தான் முதலில் பேசினார். “என் வழிகாட்டுதல்லதான் அந்தம்மா ரத்தக் குழாய் ஆராய்ச்சியே செஞ்சாங்க” என்றார். கைதட்டினார்கள். நான் எழுந்தேன். “நேரமாயிடுச்சு, உட்காருங்க” என்றார்கள். அங்கே சொல்ல விடாததால் இங்கே எழுதுகிறேன்.

பிலோமினாவை அறிந்தவர்களே, அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இரண்டு. சோதனை எதிர்பார்த்தபடி வராதபோது கையைப் பழிக்காமல், கண்டதை நம்பும் துணிவு ஒன்று. மற்றது கோபம். அவர் அதை ஒருநாளும் வெளியே காட்டவில்லை. நான் அதை ஆறவிடப் போவதில்லை.