முகவரியில் சிறுத்துப்போன மாமா

இணையதளத்துக்குப் பெயர் பதிந்து கொடுப்பது உட்கார்ந்து செய்யும் வேலைதான், ஆனால் ஒரு நாளும் நிம்மதியாக உட்கார விட்டதில்லை. கடலூரில் எட்டு வருஷம் இதைச் செய்தேன். இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது.

ஒரு வீடு, இரண்டு சாவி

சிதம்பரத்தில் லாட்ஜ் வைத்திருந்த ஒருவர் தன் தளத்தின் பெயரை முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில், அதாவது கேப்பிட்டலில்தான் அடிப்பார். குமராட்சியில் இருக்கும் தங்கை மகன் சின்ன எழுத்தில் அடித்தபோதும் அதே லாட்ஜ் வந்துவிட்டதாம். உடனே வா என்று எனக்குப் போன் போட்டார். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். எப்படி அடித்தாலும் கம்ப்யூட்டர் உள்ளே சின்ன எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும் என்று மூன்று முறை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், "அப்ப கண்டவன் சாவிக்கும் எங் கதவு தொறக்குங்கிற. பூட்ட மாத்திக் குடுத்துட்டுப் போ தம்பி" என்றார்.

மச்சான் அளவு

கடலூர் முதுநகரில் ஆறுமுகம் என்பவர் படகு எஞ்சின் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். கூட்டாளி, அவர் மனைவியின் தம்பி சேகர். கல்யாணப் பத்திரிகையோ கடை போர்டோ, மாமா பெயர் பெரிதாக, மச்சான் பெயர் சிறிதாக இருக்க வேண்டும். அதுதான் அந்தக் குடும்பத்து மரியாதை.

தளத்துக்கும் இரண்டு பெயர்களையும் சேர்த்து, ஆங்கிலத்தில் மாமாவுக்குப் பெரிய எழுத்து, மச்சானுக்குச் சின்ன எழுத்து என்று அதே மாதிரி எழுதித் தந்தார்கள். அடித்துக் காட்டினேன். பக்கம் திறந்ததும் மேலே முகவரியில் எல்லாமே சின்ன எழுத்தாகிவிட்டது. சேகர் சும்மா இருக்காமல் சிரித்துத் தொலைத்தான். ஆறுமுகம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பதினஞ்சு வருஷமா போர்டுல பெருசா இருந்தேன். இதுல ஏறுனதும் மச்சான் அளவுக்கு வந்துட்டேன். கடையப் பிரிச்சுக்கலாம்."

பொருள்: பெரிய எழுத்து கோருதல்

கடைசி முயற்சியாக, தன் பெயருக்கு மட்டும் பெரிய எழுத்து வழங்கும்படி பதிவு நிறுவனத்துக்கு ஒரு மனு போடச் சொன்னார் ஆறுமுகம். வெட்கத்தை விட்டு எழுதி அனுப்பினேன். இரண்டே வரியில் பதில் வந்தது: யாருக்கும் கிடையாது.

அன்று மாலை சேகர் தனியாக வந்தான். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. எனக்கே பாவமாக இருந்தது. "எம் பேர எடுத்துடுங்கண்ணே. கடை போனாக்கூடப் பொழச்சுக்குவேன், அக்கா வூட்டு வாசப்படிய மிதிக்காம இருக்க முடியாது."

தமிழில் போட்டோம்

அவன் பெயரை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லையே, தமிழிலேயே பதிந்தால் என்ன? அதற்குள் அந்த வசதியும் வந்திருந்தது. பதிந்தேன்.

கடைக் கம்ப்யூட்டரில் திறந்தால் மேலே தமிழையே காணோம். எக்ஸ், என், இரண்டு கோடு, பிறகு தலைகால் புரியாத ஆங்கில எழுத்துகள். தமிழ்ப் பெயரை உள்ளே அப்படித்தான் மாற்றி வைத்துக்கொள்ளும். தொலைந்தோம் என்று நினைத்தேன். ஆறுமுகம் விரல் வைத்துத் தன் பெயரைத் தேடினார். இல்லை. மச்சான் பெயரைத் தேடினார். அதுவும் இல்லை. முகம் தெளிந்தது. "அவனும் இல்லல்ல? அப்ப இதுவே இருக்கட்டும். டேய் சேகரு, அக்கா சோறு ஆக்கி வச்சிருக்கா, வா போவலாம்."

அந்த முகவரியை அடித்து ஒரு வாடிக்கையாளர்கூட அந்தக் கடைக்கு வந்ததில்லை, ஆனால் மாமாவும் மச்சானும் இன்றைக்கும் ஒன்றாகத்தான் சாப்பிடப் போகிறார்கள்.