ஜீப்புக்குள் பெய்த மழை

ஜீப்புக்குள் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் தொழில். அடைப்பது அரை மணி நேர வேலை. கண்டுபிடிக்கத்தான் நாள் கணக்கில் ஆகும். தொண்ணூறுகளின் நடுவில் பெல்மதுளையில் ஒரு கராஜில் சேர்ந்தேன். வருசத்தில் பாதி நாள் மழை பெய்கிற பக்கம். பழைய ஜீப் ஒன்றை வைத்துக்கொண்டு, முழங்காலில் சொட்டுச் சொட்டாக வாங்கியபடியே தோட்டத்து ரோட்டில் ஏறி இறங்கியவர்களுக்கு என் கதை நன்றாகவே புரியும்.

உள்ளே ஒருத்தன், வெளியே ஒருத்தன்

கராஜ் முதலாளி குணபால வெளியே நின்று ஹோஸ் பைப்பால் ஜீப்பின் மேல் தண்ணீர் அடிப்பார். நான் கதவுகளை மூடிக்கொண்டு, கையில் டோர்ச்சும் வெண்கட்டியுமாக உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கே ஈரம் கசிகிறதோ அங்கே ஒரு வட்டம் போடுவேன். வேலை அவ்வளவுதான்.

முதல் நாள் நான் வட்டமே போடவில்லை. கண்ணாடியில் தண்ணீர் வழிய வழிய, எதிரே இருந்த தேயிலை மலை நெளிந்தது. ரோட்டில் சிவப்புக் குடையோடு போன ஒரு பெண் இரண்டாகப் பிரிந்து மறுபடி ஒன்றானாள். கூரையில் விழுகிற சத்தத்தில் உலகமே தூரப் போய்விட்ட மாதிரி இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது, குணபால கண்ணாடியைத் தட்டினார். சிங்களவர்தான், ஆனால் எங்களோடு பழகிப் பழகி நல்ல தமிழ் பேசுவார். "பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன் முதலாளி" என்றேன்.

"நீ பார்க்கிறது வெளிய ஓடுற தண்ணி. உள்ள வர்றதப் பாரு, அதுக்குத்தான் சம்பளம்."

துரையின் முழங்கால்

ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தோட்டத்துத் துரையின் ஜீப் மூன்று தடவை வந்தது. டிரைவர் முத்தையா அண்ணன்தான் கொண்டுவருவார். துரை ஏறி உட்கார்ந்ததும் வலது முழங்காலில் தண்ணீர் கொட்டுகிறதாம். கராஜில் ஒரு மணி நேரம் தண்ணீர் அடித்தாலும் ஒரு சொட்டு வரவில்லை. முன் கண்ணாடி ரப்பரை மாற்றினேன். கதவு ரப்பரை மாற்றினேன். அடுத்த மழைக்கு ஜீப் திரும்பி வந்தது.

கடைசியில் நானே தோட்டத்துக்குப் போனேன். பங்களாவுக்குக் கீழே, துரை எப்போதும் நிறுத்தச் சொல்லும் சரிவான இடத்தில், மூக்கு பள்ளத்தைப் பார்த்தபடி ஜீப் நின்றது. முத்தையா அண்ணனும் நானும் ஏறி உட்கார்ந்து மழைக்குக் காத்திருந்தோம். பனி மூட்டம் மெதுவாக மேலே ஏறி வந்தது. முதலில் கீழே இருந்த தொழிலாளர் லயத்துக் கூரைகள் காணாமல் போயின, பிறகு கொழுந்து நிறுக்கிற மடுவம், கடைசியில் ஜீப்பின் பொனட்டும் போயிற்று. நாங்கள் இரண்டு பேரும் வெள்ளைக்குள் மிதந்துகொண்டிருந்தோம். அப்புறம் மழை. பின்பக்கக் கூரை மூட்டில் ஒரு ஸ்குரூ ஓரமாகத் தண்ணீர் நுழைந்து, கூரைத் துணிக்கு உள்ளேயே ஊர்ந்து முன்னால் வந்து, என் டோர்ச் வெளிச்சத்தில் மின்னி, துரையின் சீட்டில் சொட்டியது. சமதரையில் அது முன்னால் வராது. அதனால்தான் கராஜில் ஏமாற்றியிருக்கிறது.

முத்தையா அண்ணன் அதை ரசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஜீப்பு ஒழுகலப்பா, துரை நிறுத்துற எடம்தான் ஒழுகுது."

நான் அடைத்த ஓட்டைகள்

இதைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சம்தான். பக்கத்துத் தோட்டத்து ஜீப் ஒன்று வந்தது. ஓடையைக் கடக்கும்போதெல்லாம் கால் நனைகிறது என்றார் டிரைவர். கீழே படுத்துப் பார்த்தேன். தரைத்தகட்டில் நான்கு ஓட்டைகள். தண்ணீர் வடியத்தான் அவை இருக்கின்றன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஒரு சொட்டுகூட வரக்கூடாது என்ற வீம்பில், நான்கையும் தகடு வைத்து அடைத்து, மேலே பசை பூசி, கிண்ணம் மாதிரி ஆக்கிவிட்டேன்.

அந்த மாதமே பெரிய மழை. அந்தத் தோட்டத்தில் ராமையா என்பவரின் மனைவிக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. பின்னால் குலுங்கும் என்று அவளை அதே ஜீப்பின் முன் சீட்டில் உட்காரவைத்து, ராமையா பின்னால் இருந்து தோளைப் பிடித்துக்கொள்ள, பலாங்கொடை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டிருக்கிறார்கள். ஓடையில் தண்ணீர் கதவு விளிம்புக்கு மேலே வந்து உள்ளே பாய்ந்தது. கரையேறியதும் கதவைத் திறந்தார்கள். விளிம்புக்கு மேலே இருந்தது வெளியே போயிற்று. அதற்குக் கீழே இருந்தது போகவில்லை. போக வழி இல்லை. அந்தப் பெண் கணுக்கால் மறைய குளிர்ந்த தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு நடுங்கினாள். டிரைவரின் கால் பிரேக்கில் வழுக்கியது. ராமையா முன்னால் எட்டிக் குனிந்து, பிளாஸ்க் மூடியால் தண்ணீரை அள்ளி அள்ளி ஜன்னல் வழியாக ஊற்றிக்கொண்டே வந்திருக்கிறார். ஒரு கை மனைவியின் தோளில், ஒரு கை தண்ணீரில்.

ஐந்து நாள் கழித்து அவர் அந்த ஜீப்பிலேயே கராஜுக்கு வந்தார். யார் என்றும் ஓடையில் நடந்ததையும் சொன்னார். "புள்ளை?" என்றேன். "பொண்ணுங்க. ரெண்டு பேரும் சொகம்" என்றார். நான் அங்கேயே ஜீப்பின் பக்கப்படியில் உட்கார்ந்துவிட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தரைத்தகட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"வர்ற தண்ணிய நிப்பாட்டுறீங்க, சரி. வந்தது போறதுக்கும் ஒரு வழி விடுங்கண்ணே."

ஜன்னலில் முளைத்தது

ஓய்வுபெற்ற சிங்களப் பள்ளிக்கூட அதிபர் ஒருவர். ஜன்னல் ஓரமாக உள்ளே தண்ணீர் இறங்குகிறது என்று வந்தார். பார்த்தால், கண்ணாடி நகருகிற பள்ளத்தில் பாசி மெத்தை மாதிரி வளர்ந்து தண்ணீரைத் தேக்கியிருந்தது. அதன் நடுவில் விரல் உயரத்தில் ஒரு பன்னஞ்செடி, சீப்புப் பல் மாதிரி இலை விரித்து நின்றது. குறடை எடுத்தேன். பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இதைப் பிடுங்க வேண்டாம் மகனே என்று சிங்களத்தில் கெஞ்சினார்.

"மேக்க கலவன்ன எப்பா, புத்தா."

ஒழுகாத ஜீப்

ரப்பர் தோட்டமொன்றின் ஆபீஸ் பெரிய கிளாக்கர் ஐயா சனிக்கிழமை மத்தியானம் தோட்டத்துப் பழைய ஜீப்பைத் தானே ஓட்டி வந்தார். மனைவி இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. முகம் இருண்டு போயிருந்தது. "எங்கேயோ ஒழுகுது தம்பி" என்று சொல்லிவிட்டு, நான் வேண்டாம் என்றும் கேட்காமல் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

குணபால ஹோஸைத் திருப்பினார். கண்ணாடி முழுக்கப் பச்சையும் சாம்பலும் கரைந்து ஓடியது. நான் ஒவ்வொரு மூட்டாக டோர்ச் அடித்துப் பார்த்தேன். எங்கும் காய்ந்தே இருந்தது. திரும்பினால், கிளாக்கர் ஐயா தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது, மடியில் மூக்குக்கண்ணாடி. மூன்று மாதமாகத் தூக்கம் இல்லாதவர் என்று ஊருக்கே தெரியும். நான் கண்ணாடி வழியாகக் குணபாலவுக்குக் கை காட்டினேன், நிறுத்தாதீங்க என்று. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, பீச்சுவதைக் குறைத்து, கூரையின் மேல் மட்டும் மெதுவாக விட்டுக்கொண்டு நின்றார். முக்கால் மணி நேரம். நானும் அசையவில்லை.

விழித்ததும் ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஒழுகலீங்கய்யா" என்றேன்.

"கண்டுபிடிக்க முடியலைன்னே வச்சுக்குங்க தம்பி. அடுத்த சனிக்கிழமையும் கொண்டாறேன்."

இத்தனை வருசத்தில் நான் கற்றது இதுதான்: ஒழுகாத பழைய ஜீப் என்று சொல்லி யாராவது உங்களிடம் விற்க வந்தால், அவர் அதை வெயில் நாளில்தான் கொண்டுவந்திருப்பார்.