பெட்டைக்குட்டிக்காக நான் செய்த ஜெபம்

குதிரையின் இரண்டு மூக்குத்துளைகளுக்கும் நடுவே, மேலுதட்டுக்குச் சற்று மேலே, தொட்டால் தொட்டதே தெரியாத அளவுக்கு மெல்லிய ஒரு தோல் உண்டு. அதில் உள்ளங்கையை வைத்தால் முதலில் ஈரம் தெரியும், பிறகு சூடு தெரியும், அதற்கும் பிறகுதான் ஓர் உயிர் நம் கைக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருப்பது தெரியும். பத்து வயதுச் சிறுமியாக இருந்தபோது தினமும் காலையில் நான் முதலில் தொட்டது அதைத்தான், பல் விளக்குவதற்கும் முன்னால்.

மயிலாடிக்கு மேற்கே, வாய்க்கால் கரையோரம் எங்கள் வீடு. நெல்லும் வாழையும் மட்டுமே தெரிந்த அந்த ஊரில் குதிரை வளர்க்கத் துணிந்தவர் என் அப்பா ஒருவர்தான். பன்னிரண்டு வருடம் கல்ஃபில் ஓர் அரபியின் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர் அவர். லத்தி அள்ளப் போனவர், கடைசி நான்கு வருடங்களில் குட்டி ஈனப்போகும் குதிரைகளுக்குக் காவலிருக்கும் அளவுக்கு அங்கே நம்பப்பட்டார். ஊரில் மற்றவர்கள் திரும்பி வந்தபோது பெட்டியைத் திறந்தால் டேப் ரெக்கார்டரும் சென்ட்டும் இருந்தன. அப்பாவின் பெட்டியில் குதிரை தேய்க்கும் இரண்டு பிரஷ்களும் ஒரு தோல் தலைக்கயிறும் இருந்தன. அம்மா அதைப் பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போனது எனக்கு நினைவிருக்கிறது.

மூன்றாம் மாதம் ஒரு லாரியில் நூரா வந்து இறங்கினாள். கருஞ்சிவப்பு நிறம், நெற்றியில் நாலணா அளவுக்கு ஒரு வெள்ளை. லாயத்தில் அப்பாவின் கையில் பிறந்த முதல் குட்டியின் பெயரை இவளுக்கு வைத்திருந்தார். தொழுவத்தை ஒட்டித் தென்னோலை வேய்ந்து ஒரு கொட்டகை எழும்பியது. ஊர் அதற்குக் "குதிரைப்புரை" என்று பெயர் வைத்தது. "பசுவைக் கட்டினா பால் கறக்கலாம், இதைக் கட்டி என்னத்தைக் கறக்க?" என்றாள் அம்மா. அப்பா சிரித்தார். என்னைத் தூக்கி நூராவின் முதுகில் வைத்துவிட்டுச் சொன்னார்: "வருசத்துக்கு ஒரு குட்டி, மக்கா. பத்து வருசம் கழிச்சுப் பாரு, நாஞ்சில் நாட்டுல கல்யாண ஊர்வலம்னாலும் சரி, கோயில் பவனின்னாலும் சரி, முன்னால போறது நம்ம வீட்டுக் குதிரையாத்தான் இருக்கும்."

நூராவை இணை சேர்க்க ஆண்குதிரை எங்கள் பக்கத்தில் கிடையாது. ஆரல்வாய்மொழி தாண்டி, பணகுடிப் பக்கம் துரைப்பாண்டி என்றொருவர் வெள்ளைக் குதிரை ஒன்று வைத்திருந்தார். காதில் கடுக்கன், எப்போதும் வெற்றிலை, பேச்சில் தேன். குதிரையின் உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடங்களைப் பார்த்து நல்ல "சுழி", கெட்ட "சுழி" சொல்வதில் கெட்டிக்காரர். "பொண்ணு பார்க்க ஒரு நாள் போதும், குதிரை பார்க்க ஒரு மாசம் வேணும்" என்பார். அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததில் நூரா சினையானாள்.

குதிரைக்குச் சினைக்காலம் பதினோரு மாதம். பதினோரு மாதமும் நாங்கள் மூவரும், முணுமுணுத்துக்கொண்டே அம்மாவும் கூட, அந்த வயிற்றைப் பார்த்தபடிதான் வாழ்ந்தோம். ஆனால் பிறந்த குட்டி எழுந்து நிற்கவே இல்லை. பிறந்த ஒரு மணி நேரத்தில் குதிரைக்குட்டி எழுந்து முலை தேட வேண்டும் என்பது அப்பாவுக்குத் தெரியும். அவர் அதைத் தூக்கித் தூக்கி நிறுத்தினார், அது மடங்கி மடங்கி விழுந்தது. நான் சீம்பாலைச் சங்கில் ஊற்றிப் புகட்டினேன். இரண்டாம் நாள் மத்தியானம் சங்கிலிருந்து பால் கடைவாய் வழியே வெளியே வந்தது. அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான். வாழைத்தோப்பின் மூலையில் அதைப் புதைத்தோம். நூரா ஒரு வாரம் அந்த மூலையைப் பார்த்தபடியே நின்றாள். நான் குதிரைப்புரைக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

அப்பா நொந்துபோயிருந்த அந்த நாட்களில் துரைப்பாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். வாழைத்தோப்பில் இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் நூரா மறுபடியும் பணகுடிக்குப் போய்வந்தாள். அன்று சாயங்காலம் அப்பா என்னைப் பக்கத்தில் உட்கார்த்திவைத்து, "இந்தக் குட்டி உனக்குத்தான் மக்கா. உனக்க குட்டி. நீதான் தாயைப் பாத்துக்கிடணும்" என்றார். நான் அன்றைக்கே குதிரைப்புரைக்குத் திரும்பினேன். கொள்ளு ஊறப்போட்டேன், புல் அறுத்தேன், பள்ளிக்கூடம் விட்டதும் வாய்க்காலுக்கு நடத்திப்போய்க் குளிப்பாட்டினேன். என் பெயரில் ஒரு உயிர் அந்த வயிற்றுக்குள் வளர்வதாக நான் நம்பியதால், எந்த வேலையும் எனக்கு வேலையாகவே தெரியவில்லை.

ஒன்றை மட்டும் அப்பா அடிக்கடி கேட்டார். "ஆணு விழணும்னு ஜெபம் பண்ணு மக்கா. பிள்ளைகளுக்க ஜெபத்துக்குப் பலன் உண்டு." ஏன் என்று கேட்டால், "குதிரைன்னா ஆணுதான் எடுப்பு" என்பதோடு நிறுத்திவிடுவார். எனக்கு என் கணக்கு இருந்தது. ஆண்குட்டி என்றால் எவனாவது கல்யாண ஊர்வலக்காரன் கேட்டு வருவான், கொடுத்துவிடுவார்கள். பெட்டை என்றால் நூராவைப்போல வீட்டிலேயே நிற்கும், அதற்கும் குட்டிகள் பிறக்கும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை கோயிலிலும் வீட்டு ஜெபத்திலும் அப்பாவுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டுக்கொண்டு, உதட்டை அசைக்காமல், பெட்டை, பெட்டை, பெட்டை என்று நான் பதினோரு மாதம் கேட்டேன்.

குட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் பிறந்தது. வைக்கோலில் விழுந்து, தலையை உதறி, அரை மணி நேரத்துக்குள் நான்கு குச்சிக் கால்களையும் நான்கு திசைக்கு ஊன்றி எழுந்து நின்றது. நான்கு காலிலும் வெள்ளை, நெற்றி முதல் மூக்குவரை வெள்ளை. "பஞ்சகல்யாணி" என்பார்களே, அந்த ஐந்து வெள்ளையும் பிசகாமல் விழுந்த குட்டி. ஆயிரத்தில் ஒன்று என்று அப்பாவே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அவர் துள்ளுவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து வாலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அப்படியே ஈர வைக்கோலில் உட்கார்ந்துவிட்டார்.

"பெட்டை" என்றார்.

நான் கைதட்டிக்கொண்டு குதித்தேன். வாசலில் நின்ற அம்மா என்னைப் பார்க்கவில்லை, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பிள்ளைகிட்ட சொல்லிருங்க" என்று மெல்லச் சொன்னாள். "பைய சொல்லலாம்" என்றார் அப்பா. ராத்திரி முழுக்க விழித்த களைப்பு என்றுதான் நான் அதை எடுத்துக்கொண்டேன்.

குட்டிக்குச் சீனி என்று பெயர் வைத்தேன். ஏழு மாதம் அது என் பின்னாலேயே அலைந்தது. வாழைத்தோப்புக்குள் நான் ஒளிந்தால் தேடிக் கண்டுபிடித்து முதுகில் முட்டும். பாவாடையில் கருப்பட்டித் துண்டு முடிந்திருந்தால் முடிச்சை உதட்டாலேயே அவிழ்க்கும். வேறு யார் கயிற்றைப் பிடித்தாலும் காலை ஊன்றிக்கொண்டு நகராது. அப்பாவிடமும் அப்படித்தான். "உன்னைத்தான் நம்புது இது" என்று அவர் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

பள்ளிக்கூடம் இல்லாத ஒரு காலையில் வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. பின்கதவைத் திறந்து சாய்வாகப் பலகை போட்டிருந்தார்கள். துரைப்பாண்டி முன்சீட்டிலிருந்து இறங்கவில்லை. அப்பா என்னிடம் வந்து, "சீனிக்கு ஊசி போடணும் மக்கா, நாகர்கோவிலுக்குக் கொண்டு போறாவ. நீ ஏத்திவிட்டாத்தான் ஏறும்" என்றார்.

"நானும் வரட்டா?"

"வேண்டாம். சாயங்காலம் வந்துரும்."

நான் கருப்பட்டியை எடுத்துக்கொண்டேன். பலகையில் முதல் குளம்பு பட்டதும் அது எழுப்பிய சத்தத்துக்கே சீனி மிரண்டு நின்றுவிட்டது. நான் முன்னால் ஏறி, வண்டிக்குள் நின்றுகொண்டு, "வா, நான் இருக்கேன்லா" என்றேன். அது என்னைப் பார்த்தது. ஏறி வந்தது. அப்பா அதன் கழுத்துக்கயிற்றை வண்டிக் கம்பியில் கட்டினார். நான் கீழே இறங்கினேன், கதவைச் சாத்தினார்கள், வண்டி நகர்ந்தது; வளைவு திரும்பும்வரை நான் கையை ஆட்டிக்கொண்டே நின்றேன். குதிரைப்புரையில் நூரா கனைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம்வரை பொறுக்காத கழுதை என்று அவளைத் திட்டக்கூடச் செய்தேன்.

சாயங்காலம் வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வீட்டிலேயே இல்லை. காலையில் வண்டி போனதும் எங்கேயோ போய்விட்டார். வெயில் சாய்ந்த நேரத்தில் அம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, வா. அது வராது."

பிறகு சொன்னாள். முதல் குட்டி செத்த பிறகு வாழைத்தோப்பில் பேசிய பேச்சு அது: துரைப்பாண்டி இணை சேர்க்கக் காசு எதுவும் வாங்கமாட்டார், ஆண்குட்டி விழுந்தால் எங்களுக்கு, பெட்டை விழுந்தால் பால்குடி மறந்ததும் அவருக்கு. "ஆணுதான் விழும்னு உனக்க அப்பா நம்பினாரு. பிள்ளை ஜெபம் பண்ணுதுன்னு சொல்லிச் சொல்லி இருந்தாரு."

அந்தப் பாலத்தில் நான் அழவில்லை. என் கணக்கைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தருவதாகச் சொன்னபோதே அது பாதி இன்னொருவருடையது. மீதிப் பாதியை நானே, அப்பாவுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, கேட்டுக் கேட்டு இழந்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், உலகத்தில் எந்தப் பிள்ளையும் கேட்காத அளவுக்கு ஆண்குட்டி கேட்டிருப்பேனே என்று தோன்றியது. அதைவிட என்னை அறுத்தது வேறொன்று. அவர் தானே ஏற்ற முடியாத குட்டியை ஏற்றுவதற்கு என்னைப் பயன்படுத்தினார். நான் இருக்கிறேன் என்று சொல்லித்தான் நான் அதைக் கூப்பிட்டேன்.

மறுநாள் நூராவின் மூக்கைத் தொடப் போனேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அது குட்டியைப் பிரிந்த குதிரைகளின் சுபாவம் என்று இப்போது தெரியும்; அப்போது தெரியாது. நான் அப்பாவிடம் பேசுவதை நிறுத்தினேன். எங்கள் வீட்டில் மூன்று மாதம் அம்மாதான் தூது.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் அப்பா, "வா, சீனியைப் பாத்துட்டு வரலாம்" என்றார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் போகும்போது அப்பா தானாகவே பேசிக்கொண்டு வந்தார். சீனியைத் துரைப்பாண்டி விற்கமாட்டாராம், தன் லாயத்திலேயே வைத்து வளர்ப்பாராம். சீனி போடும் முதல் குட்டியை எங்களுக்கே கொடுப்பதாக வெற்றிலையை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறாராம். "அப்போ உனக்குக் கிடைச்சிரும்லா" என்றார், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே.

துரைப்பாண்டியின் லாயத்தில் வெள்ளைக் குதிரை மட்டும் நின்றது. எங்களைப் பார்த்ததும் அவர் சிரித்த சிரிப்பு இன்னும் மறக்கவில்லை. "அதை அந்தியூர்ச் சந்தைக்குக் கொண்டு போயிட்டேனே. வடக்க உள்ள ஒரு பார்ட்டி. பஞ்சகல்யாணியைப் பாத்தா விடுவானா?" என்றார். பேச்சு என்ன, முதல் குட்டி என்ன என்று அப்பா கேட்டார். "வாயால பேசுறதையெல்லாம் பெரிசா எடுத்துக்கிட்டா எப்பிடிவே?" என்று சொல்லி எங்களுக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். அப்பா மோரைத் தொடவில்லை. நானும் தொடவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று முகத்தில் அறைந்தது. அப்பா முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்திருந்தார். அப்படியே, "எனக்கு வாக்குத் தந்திருந்தான் மக்கா" என்றார்.

மூன்று மாதத்துக்குப் பிறகு அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு இதுதான்: "எனக்கும் ஒருத்தரு தந்திருந்தாவ."

அவர் நிமிரவில்லை. அவரும் ஏமாந்தவர்தான் என்பது எனக்குப் புரிந்தது. ஆனால் புரிந்ததால் என் வலி குறையவில்லை. பிறகு இரண்டு முறை வேறிடங்களுக்கு நூராவைக் கொண்டுபோனார், சினை தங்கவில்லை. ஒரு ஐப்பசி மழையில் வயிற்றுவலி கண்டு, ஒரே நாளில் நூரா போய்விட்டாள். அப்பா வாழைக்குத் திரும்பினார். நாங்கள் பேசிக்கொண்டோம், சிரித்துக்கொண்டோம், என் கல்யாணத்தை அவர் ஒரு குறையும் இல்லாமல் நடத்தினார். ஆனால் அவர் எதைச் சொன்னாலும் அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்ளும் பழக்கம் அம்மா இருந்தவரை எனக்குப் போகவில்லை.

இப்போது அந்த வாழைத்தோப்பு மனைகளாகக் கல் நட்டுக் கிடக்கிறது. குதிரைப்புரை இருந்த இடத்தில் யாரோ செப்டிக் டேங்க் தோண்டியிருக்கிறார்கள். கன்னியாகுமரிக் கடற்கரையில் போட்டோவுக்காக நிற்கும் குதிரைகளைத் தவிர இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேறு குதிரை தெரியாது. அம்மா போய் நான்கு வருடம் ஆகிறது. அப்பா நாகர்கோவிலில் என்னோடுதான் இருக்கிறார். கண் மங்கிவிட்டது, பழைய கதைகள் மட்டும் பளிச்சென்று இருக்கின்றன. போன வாரம் என் மகளுக்குச் சீனியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து வெள்ளையும் அப்படியே வந்தன. டெம்போவும் வந்தது. "வேற யாரு கூப்பிட்டும் அது ஏறல. உனக்க அம்மைதான் ஏத்திவிட்டா. சிரிச்சிட்டே டாட்டா காட்டினா, நல்ல மனசு அவளுக்கு" என்றார். ஊசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மறைக்கிறாரா, அவருக்குள்ளேயே அது அழிந்துபோயிற்றா என்று அந்த மங்கிய கண்களில் தேடிப் பார்த்தேன், தெரியவில்லை. "ஆமாம்" என்றோ "அப்படி இல்லை" என்றோ முகத்தாலேயே சொல்லக்கூடிய ஒரே ஆள் அம்மா, அவளும் இப்போது இல்லை.

"நெசமாவா அம்மா? நீயேவா அனுப்பின?" என்று மகள் என்னிடம் கேட்டாள்.

"ஆமா. நான்தான் ஏத்தினேன்" என்றேன்.