தானாக எழாத கை

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் அவர். ஒருநாள் சங்கிலி அறுந்து, அவர் தூக்கிய இரும்புச் சுமை கீழே நின்ற மைத்துனன்மேல் விழுந்தது. அதிலிருந்து கண்ணை மூடினாலே அந்தச் சத்தம்தான். மனைவி அவரை ஹிப்னாடிச வைத்தியரிடம் அழைத்துப் போனாள்.

“உங்க வலது கை பஞ்சு மாதிரி ஆயிடுச்சு. தானா மேல எழும்புது,” என்றார் வைத்தியர்.

கை கல்லாய்க் கிடந்தது. சுயநினைவு துளியும் மங்கவில்லை. மின்விசிறி முனகுவதுகூடத் தெளிவாகக் கேட்டது. இமையிடுக்கில் பார்த்தார். தம்பியைப் பறிகொடுத்த மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாவமாக இருந்தது. அவரே கையைத் தூக்கினார்.

“இப்ப எப்படிங்க இருக்கு?” என்று கேட்டாள் அவள்.

“சத்தம் நின்னுடுச்சும்மா.”

அவர் தோளில் சாய்ந்து அவள் அழுது தீர்த்தாள். இதுவரை அவளிடமாவது சொல்லிப் புலம்ப முடிந்தது. இனி அதற்கும் வழியில்லை.