தம்பிராஜா கடைப் பலகை

பூங்காவனம் அந்தப் பலகையைக் குனிந்து பார்த்ததே இல்லை. காஜா பேராங் தெருவில் தம்பிராஜாவின் மளிகைக் கடைக்கு முன்னால் ஓடும் ஆழச் சாக்கடையைத் தாண்டப் போட்டிருந்த வைரம் பாய்ந்த மரம் அது. சலவை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எத்தனையோ வருஷம் அதில் நடந்தவள்.

கடைக்காரனும் அந்நியன் இல்லை. அவள் புருஷன் செத்தபோது பிறந்த வீட்டு ஆள் ஒருவரும் இல்லையே என்று, அண்ணன் முறைக்குத் தானே கோடிச்சேலை எடுத்து வந்து போர்த்தியவன். அவள் அவனை நம்பாமல் வேறு யாரை நம்புவாள்?

ஜப்பான்காரன் ஆட்சியில், அரிசி கண்ணில் படாத ஒரு மழைக்காலக் காலை. வழக்கம்போல் நிமிர்ந்தபடி காலை வைத்தாள். மடக்கென்று முறிந்தது. அங்கே கிடந்தது உளுத்துப்போன பெட்டிப் பலகை. மூட்டையோடு சாக்கடைக்குள் விழுந்தவளின் முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒடிந்துவிட்டது. துணி வெளுத்துப் பிழைப்பவளுக்குக் கால்தான் சோறு.

தூக்கிவந்து கடையின் பின்கட்டில் கிடத்தினார்கள். சனங்கள் வாசலுக்குப் போனதும், சாக்குத் திரைக்குப் பின்னால் அவள் பார்த்தாள். ‘அரிசியே வரவில்லை’ என்று தெரு முழுக்கக் கைவிரித்தவன் ஒளித்து வைத்த அரிசி மூட்டைகள். ஈரம் ஏறாமலிருக்க அவற்றுக்கு அடியில் அந்தப் பழைய பலகை.

“பலகைய மாத்துனா ஒரு வார்த்தை சொல்ல வேணாமாண்ணே?”

“கத்தாத தங்கச்சி. நாளைக்குப் போட்டுரலாம்னு இருந்தேன்.”

கூட்டத்தைக் கண்டு அரிசிப் பங்கீட்டு அதிகாரி வாசலில் வந்து நின்றான். தம்பிராஜா இடுப்பு ஒடியக் குனிந்து மலாயில் சொன்னது உள்ளே தெளிவாகக் கேட்டது: “அவளுக்குக் கண் சரியில்லை, துவான். தானே தடுக்கி விழுந்தாள்.”

‘உள்ளே வந்து பாருங்கள்’ என்று அவள் ஒரு குரல் கொடுத்திருந்தால் பதுக்கியவன் தலை உருண்டிருக்கும். கொடுக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தானே பாவி பொய் சொன்னான். உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

அதிகாரி போனதும் கேட்டாள்: “என் காலுக்கு யாருண்ணே பொறுப்பு?”

“நீ விழுந்தது கடைக்கு வெளியில, தங்கச்சி. சாக்கடை அரசாங்கத்தோடது.”

கால் கோணலாகக் கூடியது. வெளுப்பு வேலை கைவிட்டுப் போனது. அதன்பிறகு மரவள்ளிக்கிழங்கு வாங்கக்கூடத் தொலைவில் பாச்சாங்கில் இருந்த ஒரு சீனர் கடைக்குத்தான் நொண்டி நொண்டிப் போனாள். பக்கத்தில் கடை இருக்க ஏன் இந்தப் பாடு என்று கேட்டவர்களிடம் சொன்னாள்:

“அந்தச் சீனக் கடைக்காரன் யாருன்னே எனக்குத் தெரியாது. அது போதும்.”